எச்சிலில் ஒரு கரை உடைப்பு

லாங்கெமேர் நீர்வாரியத்துக்கு எழுநூறு வயது. அந்த வட்டாரத்தில் அதைவிட மூத்தது கடல் ஒன்றுதான். அந்தக் கடலையும் வாரியம் எப்போதோ வெளியே நிறுத்திவிட்டது. முற்காலத்தில் குடியானவர்கள் மண்வெட்டியோடு கூடிக் கரை கட்டினார்கள். இன்று கரை தானாக நிற்கிறது, பம்புகள் தாமாக ஓடுகின்றன, மதகுகள் தாமாகத் திறந்து மூடுகின்றன. ஆனாலும் வாரியம் இருக்கிறது. அதற்கு ஒரு தலைவர், அவருக்குக் கரைப்பிரபு என்று பட்டம், கழுத்தில் வெள்ளிச் சங்கிலி. அவருக்குக் கீழே பொதுச்சபை, குழுக்கள், குழுக்களைக் கவனிக்கும் குழு. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அந்த நேரமின்மையில் எல்லோரும் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார்கள்.

வாரியத்தில் கையால் வேலை செய்கிறவர் என்று மிஞ்சியிருந்தவர் கெர்பன். வாரியத்துக்குச் சொந்தமான ஒரே தூக்குப்பாலத்தின் காவலர். கால்வாயில் படகு வந்து ஊதும். கெர்பன் சாலைக்குக் குறுக்கே தடுப்பை இறக்குவார், பாலத்தைத் தூக்குவார். சைக்கிள்காரர்கள் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். படகு போகும். பாலத்தை இறக்குவார். பிறகு தம் கூண்டில் உட்கார்ந்து எதிர்க்கரையில் மேயும் பசுக்களைப் பார்ப்பார். பசுக்களும் அவரைப் பார்க்கும். இரண்டு தரப்பிலும் அலுப்பு வந்ததாகத் தகவல் இல்லை.

கூண்டு ஜன்னலில் ஒரு தூண்டில் கழி உண்டு. அதன் கயிற்று நுனியில் ஒரு மரச்செருப்பு தொங்கும். பாலத்துக்குச் சுங்கம் வசூலித்த காலத்தில் படகுக்காரர்கள் அதில் காசு போடுவார்கள். சுங்கம் ஒழிந்தது, செருப்பு ஒழியவில்லை. கெர்பன் இறக்குவார், படகுக்காரர்கள் ஒரு பிடி கறுப்பு மிட்டாய் போடுவார்கள். அதிமதுர வேரைக் காய்ச்சி, தாராளமாக உப்புத் தட்டி வார்த்தது. பிற ஊர்க்காரர்கள் வாயில் போட்டால் முகம் கோணும். இந்த ஊரில் அது இல்லாமல் ஒரு மேசை கிடையாது, ஒரு சட்டைப்பை கிடையாது. அதைத் தின்பண்டத்தில் யாரும் சேர்ப்பதில்லை. வாயில் நாக்கு இருப்பதுபோல் அதுவும் இருக்கும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஊரில்தான் வாரியத்தின் ஊழியர் நலப்பிரிவுக்குத் தலைவியாக மர்யோலெய்ன் வந்து சேர்ந்தாள். துறுதுறுப்பான பெண். எதையாவது அளக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. ஊழியர்களின் மனநிலையை அளக்க வேண்டும் என்றாள். எப்படி என்று சபை கேட்டது. எச்சிலை வைத்து என்றாள்.

“நம்ம உடம்புல ஓடுற ஹார்மோன் எல்லாம் ரத்தத்தோட நிக்கிறதில்ல, எச்சில்லயும் கசியுது. பயந்தா, பரபரத்தா கார்டிசால்னு ஒண்ணு ஏறும். அது எச்சில்ல தெரியும். கர்ப்பமா இருந்தா எச்சில்ல தெரியும். எச்சில்ல எவ்வளவு உப்பு இருக்கணும்னு தீர்மானிக்கிறதுக்கே ஒரு ஹார்மோன் இருக்கு. மனுஷன் பொய் சொல்லுவான், எச்சில் சொல்லாது.”

உப்பு என்ற சொல்லைக் கேட்டதும் கரைப்பிரபு ஃபான் ஹேஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடல் உப்பு வயலுக்குள் நுழையாமல் காப்பது வாரியத்தின் தலையாய கடமை. அதைப் பற்றிப் பேச அவருக்குச் சில ஆண்டுகளாக வாய்ப்பே கிடைக்கவில்லை.

“அப்போ வாய்க்குள்ளயும் ஒரு மதகு இருக்குன்னு சொல்லுங்க!” என்று எழுந்தார். “நண்பர்களே, இந்த வட்டாரத்துல கால்வாய்த் தண்ணிய அளக்கிறோம், கிணத்துத் தண்ணிய அளக்கிறோம், மாட்டுத்தொட்டித் தண்ணியக்கூட அளக்கிறோம். எழுநூறு வருஷமா நாம அளக்காம விட்ட ஒரே தண்ணி, நம்ம ஊழியர்களோட வாயில ஊறுற தண்ணி. வரலாறு நம்மள மன்னிக்காது!”

சபை நீண்ட நேரம் கைதட்டியது. தட்டி முடித்ததும் மேசைமேல் இருந்த கிண்ணத்திலிருந்து ஆளுக்கொரு கறுப்பு மிட்டாயை எடுத்துக்கொண்டது.

முடிவுகளை எந்த நிறத்தில் குறிப்பது என்று ஒரு குழு அமைத்தார்கள். பச்சையை வேளாண் உறுப்பினர்கள் தங்கள் நிறம் என்றார்கள். மஞ்சள் மனத்தைத் தளர்த்தும் என்று இன்னொருவர் சொன்னார். பல அமர்வுகளுக்குப் பிறகு, கையில் ஏற்கெனவே இருக்கும் வெள்ள எச்சரிக்கை அளவையே எச்சிலுக்கும் வைத்துக்கொள்வது என்று ஒருமனதாகத் தீர்ந்தது. வழக்க நீர்மட்டம், உயர்மட்டம், கரைக்காவல், கரை உடைப்பு. கூடவே ஒரு விதியும் நிறைவேறியது. கரை உடைப்பு நிலையில் இருக்கிறவர் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஓய்வுக்குப் போக வேண்டும், எச்சில் தெளியும் வரை வரக் கூடாது. அவருடைய பொறுப்பு, வழக்க மட்டத்தில் இருக்கிற மூத்த ஊழியருக்குப் போகும். “யாருக்கும் விலக்கு இல்ல, எனக்கும் சேர்த்துத்தான்” என்று கரைப்பிரபு மார்பைத் தட்டிச் சொன்னார். எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர் அவர். அவரே எச்சில் தர ஒப்புக்கொண்டதைப் பார்த்துச் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கெர்பனுக்கும் ஒரு குழாய் வந்தது. உள்ளே ஒரு பஞ்சுச் சுருள். காலையில் எழுந்ததும் காப்பி குடிக்காமல், பல் துலக்காமல், எதுவும் சாப்பிடாமல் பஞ்சை வாயில் வைத்து ஊறவிட்டு, குழாயில் போட்டு அனுப்ப வேண்டும். கெர்பன் சொன்னபடி கேட்கிறவர். காலையில் எழுந்தார். காப்பியை ஏக்கத்தோடு பார்த்தார், குடிக்கவில்லை. ரொட்டியைத் தொடவில்லை. காப்பி இல்லாமல் உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருந்ததால் வாயில் ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டார். பிறகு கன்னத்தின் மறுபக்கம் பஞ்சை வைத்துக்கொண்டார். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை.

அடுத்த வாரம் மர்யோலெய்ன் சைக்கிளில் வந்து இறங்கினாள். முகத்தில் சாவு வீட்டுக் களை.

“கெர்பன், உக்காருங்க.”

“உக்காந்துதான் மேடம் இருக்கேன்.”

“மேடம் வேண்டாம். இங்க மேல கீழ கிடையாது, மர்யோலெய்ன்னே கூப்பிடுங்க. உங்க மேலதிகாரியா சொல்றேன். கெர்பன், உங்க எச்சில் கரைக்காவல் மட்டத்துல இருக்கு. உள்ள ஏதோ கொந்தளிக்குது. என்ன பிரச்சனை?”

கெர்பன் யோசித்தார். “பிரச்சனைன்னு ஒண்ணும் இல்லையே.”

“வீட்டுல?”

“தீனெகே நல்லாத்தான் இருக்கா.”

“ராத்திரி தூக்கம்?”

“படுத்தா தெரியாது.”

மர்யோலெய்ன் அவருடைய கையைப் பற்றினாள். “எதுவுமே இல்லங்கிறீங்க பாத்தீங்களா, அதுதான் பெரிய அறிகுறி. பிரச்சனை இருக்கிறவன் புலம்புவான். உங்கள மாதிரி அடக்கி வெக்கிறவங்கதான் ஒருநாள் படார்னு உடைஞ்சிடுவாங்க.”

கெர்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே படகு ஊதியது. எழுந்து பாலத்தைத் தூக்கினார். மர்யோலெய்ன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “இப்படித்தான், ஒரு நாளைக்கு எத்தனை தடவை சட்டுனு எழுந்திருக்கிறீங்க?” என்று கவலையோடு கேட்டாள்.

நடவடிக்கைகள் தொடங்கின. காப்பி பரபரப்பைத் தூண்டும் என்று கூண்டிலிருந்த காப்பிக் குடுவையை எடுத்துப்போனார்கள். படகின் ஊதல் காதைக் குலைக்கும் என்று, இனி படகுக்காரர்கள் ஊதாமல் நீல நிறத் துணியை மெதுவாக ஆட்ட வேண்டும் என்று பலகை வைத்தார்கள். கரைக்காவல் மட்டம் வந்தால் இரண்டு தொண்டர்கள் நீளக் காலணியும் கைவிளக்குமாகக் காவல் நிற்க வேண்டும் என்பது வாரியத்தின் பழைய நடைமுறை. எச்சிலுக்குத் தனியாக நடைமுறை எழுத நேரமில்லாததால் அதுவே கெர்பனுக்கும் வந்தது. இருவர் முறைவைத்து அவரைச் சுற்றிச்சுற்றி நடந்து, எங்காவது கசிவு தெரிகிறதா என்று பார்த்தார்கள். கூண்டு வாசலில் ஒரு மணல் மூட்டையும் வைத்தார்கள். அது எதற்கு என்று கெர்பன் கேட்டார். அடையாளமாக என்றார்கள்.

சரளை ஏற்றிய படகோடு டௌவெ வந்தான். கால்வாயில் முப்பது வருஷப் பழக்கம். நீலத்துணியை ஆட்டி ஆட்டிக் கை வலித்த பிறகு வாயாலேயே கத்தினான்.

“ஏய் கெர்பா! என்னய்யா இது, உன்னக் கைது பண்ணிட்டாங்களா?”

“எச்சில் சரியில்லையாம்.”

“எச்சிலா? இத்தன வருஷமா உன் மூஞ்சியத்தான் சரியில்லன்னு நான் நெனச்சிட்டிருந்தேன். செருப்ப இறக்கு.”

செருப்பு இறங்கியது. காப்பியைப் பிடுங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட டௌவெ இரக்கப்பட்டு ஒரு பை நிறைய மிட்டாயைப் போட்டான். அவனைப் பார்த்து மற்றப் படகுக்காரர்களும் போட்டார்கள். காப்பி இல்லாத வெறுமையில் கெர்பனின் வாய் ஓயவில்லை. கைவிளக்குத் தொண்டர்களுக்கும் கொடுத்தார்.

அடுத்த முடிவு வந்தது. கரை உடைப்பு.

வாரியம் நிறுவப்பட்ட நாளிலிருந்து ஒரு ஊழியரின் வாய்க்குள் கரை உடைந்தது அதுவே முதல் தடவை. மர்யோலெய்ன் இந்த முறை இரண்டு பேரோடு காரில் வந்தாள்.

“வீட்டுக்குப் போறீங்க கெர்பன். இது தண்டனை இல்ல. அன்பு.”

“பாலத்த யாரு தூக்குவாங்க?”

“பாருங்க, இப்பக்கூட பாலத்தப் பத்தித்தான் கவலை! கவலைப்படுறத நிறுத்துங்க. பாலம் சாத்தியே இருக்கும்.”

“படகெல்லாம்?”

“கெர்பன், நீங்க இப்போ முடிவெடுக்கிற நிலையில இல்ல. மத்தியானம் என்ன சாப்பிடணுங்கிறதக்கூட நீங்க தீர்மானிக்கக் கூடாது. வழக்க மட்டத்துல இருக்கிற யாராவது சொல்லட்டும்.”

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட மாதிரி ஆயிற்று தீனெகேவுக்கு. கெர்பனின் மனைவி. பகலெல்லாம் வீட்டைத் தன் இஷ்டப்படி ஆண்டு பழகியவள். இப்போது சமையலறை வாசலில் ஒரு முழு ஆம்பளை உட்கார்ந்திருந்தார். அவள் துணிக்கூடையோடு வந்தால் எழுந்து இஸ்திரிப் பலகையைத் தூக்கி வழிவிட்டார். அவள் போனதும் இறக்கினார். திரும்பி வந்தால் மறுபடி தூக்கினார்.

“கெர்பன், நான் படகு இல்ல.”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்கு நான் வரும்போதெல்லாம் பூனையப் பிடிச்சு நிறுத்தி வெக்கிற?”

“அது குறுக்க போகுது.”

தீனெகே கூடையைக் கீழே வைத்தாள். “இந்தா பாரு. உனக்கு உள்ளுக்குள்ள ஏதாவது இருந்தா எங்கிட்ட சொல்லிடு. வேற பொம்பளையா இருந்தாலும் சொல்லு. கோவப்படுவேன், ஆனா புரிஞ்சுக்குவேன்.”

“பசுமாடுங்களத் தவிர நான் யாரையும் பாக்கிறதில்ல.”

சொல்லிவிட்டாரே தவிர, கெர்பனுக்கே சந்தேகம் தட்ட ஆரம்பித்தது. இத்தனை படித்தவர்கள் சொல்கிறார்கள், எச்சில் பொய் சொல்லாது என்கிறார்கள். தமக்குத் தெரியாமலே தாம் துக்கத்தில் இருக்கிறோமோ என்று துருவித் துருவிப் பார்த்தார். சிறு வயதில் ஆற்றில் தொலைத்த ஒரு தொப்பி ஞாபகம் வந்தது. தீனெகேவிடம் அதைச் சொல்லி, இரண்டு நாள் அழுது பார்த்தார்.

அப்போதுதான் டௌவெ வீட்டுக்கே வந்தான். படகைச் சுற்றுவழியில் ஓட்டி ஓட்டி அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“கெர்பா, விஷயம் தெரியுமா? எழுநூறாம் ஆண்டு விழாவுல உன் பாலத்த ஒரேயடியா இரும்பு அடிச்சு மூடப்போறாங்களாம். காவலருக்கு ஆகாத பாலம் ஊருக்கும் ஆகாதுன்னு கரைப்பிரபு சொல்லிட்டாராம். அதுக்கு மேல பூந்தொட்டி வெக்கப் போறாங்க.”

அன்று இரவு கெர்பன் தூங்கவில்லை. மறுநாளும் தூங்கவில்லை. சோறு இறங்கவில்லை. வாய் வறண்டு, தீனெகே வாங்கி வைத்த மிட்டாயைப் போட்டால் மண்ணாக இருந்தது, துப்பிவிட்டார். பாலம் இல்லாத தம்மை நினைத்துப் பார்த்தபோது மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது. வாழ்க்கையில் முதல் முறையாக அந்த மனிதர் உண்மையாகவே கலங்கிப் போயிருந்தார். அந்த நிலையில் பஞ்சை வாயில் வைத்து, ஊறாத வாயில் கஷ்டப்பட்டு ஊறவைத்து அனுப்பினார்.

முடிவு வந்தது. வழக்க நீர்மட்டம். அதுவும் கீழ்ப்பக்கம்.

மர்யோலெய்ன் கேக்கோடு ஓடி வந்தாள். “பாத்தீங்களா! பாலத்த விட்டு உங்களப் பிரிச்சதும் எப்படித் தெளிஞ்சிட்டீங்க! நோய் பாலத்துலதான் இருந்திருக்கு!”

“மேடம், எனக்குத் தூக்கமே இல்ல. நெஞ்சு அடைக்குது. அழுகையா வருது.”

“அது பழைய ஞாபகம். எச்சில்ல ஒண்ணும் இல்ல.” அவள் கண்ணில் உண்மையான ஆனந்தக் கண்ணீர் நின்றது. “விழாவுக்கு வாங்க. எங்களோட முதல் வெற்றி நீங்கதான். உங்க எதிர்லயே அந்தப் பாலத்த முடிச்சிடுவோம்.”

விழா வாரியத்தின் பெரிய மண்டபத்தில் நடந்தது. சுவரெல்லாம் முந்தைய கரைப்பிரபுக்களின் படங்கள். முன்வரிசையில் கெர்பனையும் தீனெகேவையும் உட்காரவைத்து, கெர்பன் மார்பில் ‘தெளிந்தவர்’ என்று ஒரு பட்டை குத்தினார்கள். மேடையில் நீள மேசைக்குப் பின்னால் சபை முழுவதும் அமர்ந்திருந்தது. ஒவ்வொரு கைக்கும் எட்டும்படி கறுப்பு மிட்டாய்க் கிண்ணங்கள். நிகழ்ச்சியில் கடைசி அம்சம், பாலத்தை மூடுவது. அதற்கு முந்தையது, பரிசோதனைக் கூடத்திலிருந்து இர்மா என்ற பெண் கொண்டுவந்திருந்த புதுக் கருவி. எச்சிலைப் போட்டால் அங்கேயே விடை சொல்லும். சபையினர் ஊருக்கு முன்னால் எச்சில் கொடுத்து முன்மாதிரியாக விளங்குவதென்று ஏற்பாடு.

அதற்கு முன்னால் உரைகள். நீண்ட உரைகள். கரைப்பிரபு எழுநூறு ஆண்டுகளையும் ஆண்டுவாரியாகச் சொன்னார். மற்றவர்கள் கன்னம் உப்ப உப்ப மிட்டாய் சப்பிக்கொண்டு கேட்டார்கள். மற்றவர்கள் பேசும்போது கரைப்பிரபு சப்பினார். இலவசமாகக் கிடைப்பதை விடுகிறவர் அல்ல அவர்.

“எனக்கு முன்னாடி இருந்த கரைப்பிரபுக்கள் கடலத் தடுத்தாங்க” என்று முழங்கினார். “கடலத் தடுக்கிறது என்ன பெரிய விஷயம்? வெளியில இருக்கு, கண்ணுக்குத் தெரியுது. நான் மனுஷனோட வாய்க்குள்ள போயிருக்கேன்! பதட்டப்படுறவன் கையில பதவி இருக்கக் கூடாது. எங்க சபையில இருக்கிற ஒவ்வொருத்தரும் ஏரித்தண்ணி மாதிரி அமைதியானவங்க. ஏன்னா எங்களுக்குப் பதட்டப்படுற அளவுக்கு ஒரு வேலையும்...” இங்கே அவர் கொஞ்சம் நிறுத்தி, “ஒரு வேலையும் எங்களை அசைக்காது” என்று முடித்தார்.

“கடைசி ஒரு மணி நேரத்துல யாராவது ஏதாவது சாப்பிட்டீங்களா?” என்று இர்மா கேட்டாள்.

“இல்லை!” என்று சபை முழுவதும் கறுத்த பற்களோடு சொன்னது.

பஞ்சு போனது, பஞ்சு வந்தது, கருவிக்குள் நுழைந்தது. சுவரிலிருந்த பெரிய திரையில் வெள்ள வரைபடம் ஒளிர்ந்தது. முதல் உறுப்பினர், கரை உடைப்பு. இரண்டாமவர், கரை உடைப்பு. வேளாண் உறுப்பினர்கள், நகர உறுப்பினர்கள், பொருளாளர், எல்லாக் கரையும் வரிசையாக உடைந்துகொண்டே வந்தது. மர்யோலெய்ன் தன் பஞ்சைக் கொடுத்தாள். அவளுடையது சர்க்கரை சேர்க்காத மிட்டாய். அவளும் உடைந்தாள். கரைப்பிரபுவின் பஞ்சு போனதும் வரைபடத்தின் உச்சிக்கோட்டைத் தாண்டி ஒரு கோடு கூரையைப் பார்த்து ஏறியது. மல்லாந்து படுத்துக்கொண்டு துப்பினால் மார்மேல்தானே விழும். இங்கே வெள்ளிச் சங்கிலிமேல் விழுந்தது.

கரைப்பிரபு பேயறைந்த மாதிரி நின்றார். “எனக்கா? எனக்கு என்ன பதட்டம்?”

“அடக்கி வெச்சிருப்பீங்க, அய்யா” என்று பின்வரிசையிலிருந்து டௌவெ குரல் கொடுத்தான்.

இர்மா மட்டும் பஞ்சுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இதெல்லாம் ஏன் கறுப்பா இருக்கு?”

யாருக்கும் தெரியவில்லை. அவள் பார்வை பஞ்சிலிருந்து கன்னங்களுக்குப் போனது, கன்னங்களிலிருந்து கிண்ணங்களுக்குப் போனது.

“கடவுளே, நீங்க மிட்டாய் தின்னுட்டிருக்கீங்க!”

“இது சாப்பாடு இல்லம்மா” என்றார் பொருளாளர். “இது மிட்டாய்.”

இர்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “கேளுங்க. கார்டிசால் ரத்தத்துலேர்ந்து எச்சில் சுரப்பிக்கு வரும். அந்தச் சுரப்பியில ஒரு நொதி இருக்கு, காவக்காரன் மாதிரி. வர்ற கார்டிசால்ல பெரும்பங்கப் பிடிச்சு, சாதுவான வேற ஒண்ணா மாத்தித்தான் வெளிய விடும். அதிமதுரம் அந்தக் காவக்காரனத் தூங்க வெச்சிடும். அப்புறம் எல்லாம் அப்படியே எச்சில்ல வந்து கொட்டும். உங்க யாருக்கும் பதட்டமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. முன்னாடியும் கூடத்துக்கு ஒரு ஆளோட பஞ்சு மட்டும் கறுப்பா வந்திருக்கு. பாலக்காவலர் ஒருத்தரோடதாம். நாங்க அந்த ஆளு புகையில போடுறவர்னு நெனச்சோம்.”

தீனெகே மெதுவாகத் தன் கணவர் பக்கம் திரும்பினாள். “தொப்பிக்காகவா ரெண்டு நாள் அழுத?” என்றாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல் வந்தது. கெர்பன் சிரிக்கவில்லை. தம்முடைய உள்ளத்தில் கொந்தளிப்பு எதுவும் இருந்ததே இல்லை என்பது அவருக்கு மெல்ல உறைத்துக்கொண்டிருந்தது. பிறகு பாலம் ஞாபகம் வந்தது, அவர் கண் கலங்கியது.

கரைப்பிரபு முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்போ எல்லாம் தப்பு! இந்த முடிவ ரத்து பண்றேன். அடுத்து, பாலத்த மூடுற தீர்மானம்...”

“முடியாது” என்று ஒரு அழுகைக் குரல் கேட்டது. மர்யோலெய்ன். “ரத்து பண்றதும் ஒரு முடிவு. கரை உடைப்பு நிலையில இருக்கிறவங்க முடிவெடுக்கக் கூடாது. நீங்க எடுக்க முடியாது. சபை எடுக்க முடியாது. நானும் எடுக்க முடியாது. விதி நாமளே போட்டது. விலக்கு இல்லன்னு நீங்கதான் மார்பத் தட்டினீங்க.”

“அப்போ யாருதான் எடுக்கிறது?”

“வழக்க மட்டத்துல இருக்கிற மூத்த ஊழியர்.”

அவள் சொல்லி முடிக்கும் முன்பே எல்லாத் தலைகளும் முன்வரிசைக்குத் திரும்பின. ‘தெளிந்தவர்’ என்ற பட்டையோடு கெர்பன் உட்கார்ந்திருந்தார். அந்த மண்டபத்தில் அன்று எச்சில் தெளிந்திருந்த ஒரே ஊழியர்.

அதற்குள் கரை உடைப்பு நடைமுறை தானாகக் கிளம்பிவிட்டது. நீளக் காலணித் தொண்டர்கள் கைவிளக்கும் மணல் மூட்டைகளுமாக மண்டபத்துக்குள் புகுந்தார்கள். சபை உறுப்பினர்களை ஆளுக்கு இரண்டு பேராகக் கைத்தாங்கலாக வெளியேற்றினார்கள். வேளாண் உறுப்பினர் ஒருவர் போகும்போது மிட்டாய்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டார். வெள்ளிச் சங்கிலி கெர்பன் கழுத்தில் ஏறியது. சட்டைக் காலரில் சிக்கிக்கொண்டதைத் தீனெகே சரிசெய்தாள்.

“கெர்பன்” என்று கரைப்பிரபு இரண்டு தொண்டர்களுக்கு நடுவிலிருந்து கெஞ்சினார். “ஒரு வார்த்தை சொல்லிடுப்பா. ரத்துன்னு சொல்லு, முடிஞ்சது.”

கெர்பன் நெடுநேரம் யோசித்தார். படகு வரும்போது அவர் யோசிப்பதே இல்லை. அதனால் இது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

“சொல்லலாம்தான் அய்யா. ஆனா இப்பதான் சங்கிலி போட்டிருக்காங்க, எனக்கே கொஞ்சம் படபடப்பா இருக்கு. படபடப்புல முடிவெடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. பாலம் மட்டும் நாளைக்குத் திறந்திரும். மத்தத அப்புறம் பாப்போம். நீங்க வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க. இது தண்டனை இல்ல.”

“அன்பு” என்று டௌவெ எடுத்துக்கொடுத்தான்.

மறுநாள் பாலம் ஏறியது. நீலத்துணிப் பலகையைக் கழற்றி டௌவெ தன் படகின் அடுப்பில் போட்டான். கால்வாய் முழுக்க ஊதல் கேட்டது. கெர்பன் கூண்டில் சங்கிலியை ஆணியில் மாட்டிவிட்டுக் காப்பி குடித்தார். சபை இல்லாமல் வாரியம் எப்படி ஓடுகிறது என்று மாகாணத் தலைநகரிலிருந்து கேட்டார்கள். கரை நின்றது, பம்பு ஓடியது, மதகு மூடியது. வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று கெர்பன் பதில் சொன்னார். அதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னார்.

உறுப்பினர்கள் திரும்பி வர வேண்டுமென்றால் மிட்டாயை நிறுத்தி எச்சிலைத் தெளியவைக்க வேண்டும், அவ்வளவுதான். மர்யோலெய்ன் முதலில் தெளிந்தாள். திரும்பி வந்து, அளப்பதற்கு வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். பசுக்களை எண்ணச் சொல்லி கெர்பன் அவளைக் கூண்டில் தம் பக்கத்தில் உட்காரவைத்தார். முதல் நாள் எண்ணினாள். பிறகு சும்மா பார்க்க ஆரம்பித்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், ஆனால் கரைப்பிரபு வராமல் கூட்டம் கூட்ட முடியாது என்பதால் காத்திருந்தார்கள். கரைப்பிரபு வரவில்லை. வீட்டில் வாங்கி வைத்த மிட்டாயை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஒரு மதியம் சின்னப் பாய்மரப் படகு ஒன்று பாலத்தடியில் வந்து நின்றது. தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு ஃபான் ஹேஸ்டர் உட்கார்ந்திருந்தார். ஓய்வில் வெயில் பட்டு முகம் நன்றாகச் சிவந்திருந்தது, எப்போதும் இல்லாத தெளிவு தெரிந்தது. கெர்பன் மரச்செருப்பை இறக்கினார். அது தலைக்கு நேரே வந்து ஆடியது.

“வாராந்திரப் பஞ்சு” என்று ஃபான் ஹேஸ்டர் குழாயை அதில் போட்டார். “கொஞ்சம் பாத்துச் சொல்லு, இந்தத் தடவ தேறிட்டேனா?”

கெர்பன் செருப்பை மேலே இழுத்தார். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பஞ்சு கரியாக இருந்தது. மர்யோலெய்ன் பசுக்களிடமிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தாள்.

“இல்லய்யா. இன்னும் உள்ள கொந்தளிச்சுக்கிட்டுத்தான் இருக்கு.”

ஃபான் ஹேஸ்டர் ஒரு நிமிஷம் தண்ணீரைப் பார்த்தார். “அப்போ இன்னொரு வாரம் படகுல சுத்தணுமா?”

“குறைஞ்சது.”

“கஷ்டந்தான்” என்றார் அவர், அப்படியொன்றும் கஷ்டப்படாத குரலில். பிறகு சட்டைப்பையைத் துழாவினார். “செருப்ப இன்னொரு தரம் இறக்கு.”

செருப்பு இறங்கியது. யாருக்கும் எதையும் கொடுத்தறியாத அந்த மனிதர் அதில் ஒரு பிடி கறுப்பு மிட்டாய் போட்டார். கெர்பன் மேலே இழுத்து, மர்யோலெய்னுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, தாமும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு தடுப்பை இறக்கிப் பாலத்தைத் தூக்கினார்.